சங்கிலித் தையலில் சாசனம், ஓட்டுத் தையலில் ஊர்க்கதை: மதுரை வரலாற்றுப் போர்வை தைக்க முழு வழிகாட்டி

பழைய சேலைகளை அடுக்கி, நான்கு ஓரமும் தைத்துப் பிள்ளைக்குப் போர்வையாக்குவது மதுரைப் பக்கத்து வீடுகளில் வழக்கம்தான். அதே போர்வையில் இந்த மண்ணின் வரலாற்று மனிதர்களை உருவமாகத் தைத்து, பிறகு அதன் முன் நின்று அவர்களில் ஒருவராகவே பேசிக் காட்டலாம். கையும் மண்டையும் சேர்ந்து வேலை செய்யும் பொழுதுபோக்கு இது. பள்ளி ஆண்டு விழா, கொலு, மரபு நடை என்று பல இடங்களுக்குப் பொருந்தும்.

தொடங்குமுன் ஒரு விதி. ஆவணம், கல்வெட்டு, கட்டடம் ஆகியவற்றால் உறுதிப்பட்ட செய்தியைச் சங்கிலித் தையலில் போடுங்கள். ஊர் வாய்மொழியாகச் சொல்லி வருவதை இடைவெளி விட்ட ஓட்டுத் தையலில் போடுங்கள். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் படம் வரைவது, பேச்சு எழுதுவது, கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாமே சுலபமாகிவிடும். எடுத்த எடுப்பில் துணியை வெட்டுகிறவர்கள் சிக்குவது இங்கேதான். படம் அழகாக வந்திருக்கும். ஆனால் எது வரலாறு, எது கதை என்று தைத்தவருக்கே தெரிந்திருக்காது.

அளவு

கீழே வரும் கணக்கு 56 இன்ச் அகலம், 71 இன்ச் நீளம் கொண்ட போர்வைக்கு. ஒற்றைக் கட்டிலில் விரிக்கலாம், சுவரிலும் மாட்டலாம். குறுக்கே 3, நெடுக்கே 4 என 12 கட்டங்கள். தைத்து முடித்தபின் ஒவ்வொரு கட்டமும் 12 இன்ச் சதுரம். அவற்றில் 6 உருவக் கட்டம், 6 சுங்குடி (மதுரையின் புள்ளிச் சேலைத் துணி) துண்டுக் கட்டம். சதுரங்கப் பலகைபோல் மாறி மாறி வரும். கட்டங்களுக்கு நடுவிலும் சுற்றிலும் 3 இன்ச் சட்டம். அதற்கும் வெளியே 4 இன்ச் ஓரக்கரை.

தையலுக்கு விடும் துணி எல்லாப் பக்கமும் அரை இன்ச். கால் இன்ச் போதும் என்று சிலர் சொல்வார்கள். புதிய, நெருக்கமான நெசவுக்கு அது சரி. பலமுறை துவைத்த சேலையில் கால் இன்ச் விட்டால் இரண்டாம் சலவைக்குள் நூல் பிரிந்து தையல் வாய் திறந்துவிடும்.

வெட்ட வேண்டியவை: உருவக் கட்டத்துக்கு அரைவெள்ளைப் பருத்தியில் 14 இன்ச் சதுரம் 6. இதை 13 என்று வெட்டாதீர்கள். மேலே உருவம் தைக்கத் தைக்கத் துணி உள்வாங்கும். உருவம் முடிந்த பிறகே 13-க்கு ஒழுங்கு செய்ய வேண்டும். துண்டுக் கட்டத்துக்கு 5 இன்ச் சதுரம் 54 (ஒரு கட்டத்துக்கு 9). சட்டத்துக்கு 4 x 13 இன்ச் பட்டை 16, 4 x 49 இன்ச் பட்டை 5. ஓரக்கரைக்கு 5 x 64 பட்டை 2, 5 x 57 பட்டை 2. விளிம்பு மடிக்க இரண்டரை இன்ச் அகலப் பட்டை, ஒட்டு மொத்தம் 270 இன்ச் நீளம்.

46 இன்ச் அகலச் சேலையாக இருந்தால் சட்டப் பட்டைகள் முழுவதும் 1.3 மீட்டரில் அடங்கும். ஓரக்கரையும் விளிம்புப் பட்டையும் 1.7 மீட்டரில் அடங்கும். உருவக் கட்டத்துக்கு முக்கால் மீட்டர் போதும். அடித்துணிக்குத் தனியாக ஒரு சேலை: 60 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, நீளவாட்டில் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தையுங்கள். 91 x 60 இன்ச் கிடைக்கும், அதில் 75 x 60 நமக்குத் தேவை. மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 2 இன்ச் கூடுதலாக இருப்பது காரணத்தோடுதான்.

நடுவில் பஞ்சு வேண்டாம். மதுரை வெயிலுக்கு அது சுமை. துவைத்தால் கட்டி தட்டும். பாலியஸ்டர் வாடிங் வேர்க்கும். பழைய எட்டு முழ வேட்டி இரண்டு இருந்தால் இரண்டு அடுக்கு ஆகிவிடும். ஒவ்வொன்றையும் அடித்துணிபோலவே 60 இன்ச் துண்டுகளாக்கிப் பக்கவாட்டில் சேருங்கள். சேர்க்கும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு தொட்டபடி அகலமாகக் கோர்க்க வேண்டும். ஏற்றித் தைத்தால் போர்வையின் நடுவில் ஒரு வரப்பு எழும்பி நிற்கும். வேட்டியின் வண்ணக் கரையை முதலிலேயே வெட்டி எடுத்துவிடுங்கள். அரைவெள்ளைத் துணிக்கு அடியில் பச்சைக் கரை கோடாகத் தெரிவது எல்லாம் தைத்து முடித்த பிறகுதான் கண்ணில் படும்.

துணி தேர்வும் சாயச் சோதனையும்

பழைய சேலையில் இடுப்பும் கொசுவமும் வரும் பகுதி நைந்திருக்கும். முந்தானைக்குப் பக்கத்துத் துணிதான் உறுதி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இரண்டு கட்டை விரலாலும் இழுத்துப் பாருங்கள். இழை விலகி மீளாமல் நின்றால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். ஜரிகைக் கரை வேண்டாம். உடம்பில் உராயும், ஊசியும் இறங்காது.

புதுத் துணி வாங்குவதானால் விளக்குத்தூண் சுற்றிய கடைகளில் சுங்குடி கிடைக்கும். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கோணலாக இருக்கும், நடுவில் துணி லேசாகப் புடைத்து நிற்கும். மெழுகு அச்சில் புள்ளி ஒரே அளவாக, தட்டையாக இருக்கும். சில இடங்களில் மெல்லிய வெடிப்புக் கோடும் ஓடும். போர்வைக்கு இரண்டும் ஆகும். ஆனால் முடிச்சுச் சுங்குடியை அழுத்தித் தேய்த்து இஸ்திரி போட்டு அந்தப் புடைப்பைக் கொன்றுவிடாதீர்கள். சதுரம் வெட்டும்போது லேசான சூடு போதும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். வெட்டுமுன் ஊறவைத்துத் துவைத்தாக வேண்டும், பருத்தி மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. வரை சுருங்கும்.

சாயம்தான் பெரிய ஆபத்து. சிவப்பு, அரக்கு, கருநீலம் மூன்றையும் நம்பாதீர்கள். ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியை மேலே வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தச் சேலையைத் தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள், தண்ணீர் தெளியும்வரை. ஐந்து அலசலுக்கும் தெளியாத துணியை அரைவெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. கல்லுப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பது பரவலான நம்பிக்கை. சாயம் தோய்க்கும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. தோய்த்து முடிந்த துணியில் ஒட்டாமல் தங்கியிருக்கும் சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. அலசி வெளியேற்றுவதுதான் வழி.

யாரை, எப்படி

முகத்தில் கண், மூக்கு, வாய் தைக்க வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. 10 இன்ச் உருவத்தில் முகம் ஒன்றரை இன்ச்தான் வரும். அதில் கண் தைத்தால் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். உருவக்கோடும் ஓர் அடையாளப் பொருளும் இருந்தால் போதும்.

திருமலை நாயக்கரை (ஆட்சி 1623–1659) வரையப் புத்தகம் தேட வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத் தூணில் நிற்கிறார்: கும்பிட்ட கை, தொந்தி, இடையில் குத்துவாள். அந்தக் கோடு அப்படியே போதும். பின்னணிக்கு மகாலின் வளைவு ஒன்று, சங்கிலித் தையலில்.

கம்பெனிப் படைத் தளபதியாக இருந்து பிறகு கம்பெனியையே எதிர்த்த யூசுப் கானுக்கு (மருதநாயகம்) முகம் தேடி அலையாமல், முதுகு காட்டி நிற்க வையுங்கள். சிவப்புக் கம்பெனிச் சட்டை, தலைப்பாகை. 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார் என்பது சங்கிலி. தூக்குக் கயிறு இருமுறை அறுந்தது என்பது ஓட்டுத் தையல்.

வேலு நாச்சியாரைக் குதிரைமேல் வாளோடுதான் எல்லோரும் போடுகிறார்கள். அந்தப் படங்கள் எல்லாம் பின்னாளில் வரைந்தவை. வாள் ஒன்று போதும். கணவர் முத்துவடுகநாதர் 1772-இல் காளையார்கோவிலில் இறந்தபின் விருப்பாட்சியில் இருந்து, 1780-இல் சிவகங்கையை மீட்டதை ஒரு பாதைக் கோடாகச் சங்கிலியில் போடலாம். குயிலி தன்மேல் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்ந்த கதை வாய்மொழியில் வந்தது. அந்தத் தீ இடைவெளித் தையலில் எரியட்டும். மருது சகோதரர்களுக்கு வளரி (எறிந்து தாக்கும் வளைந்த ஆயுதம்). இரண்டு உருவத்தை ஒரே கட்டத்தில் அடைக்காமல், ஒருவர் தோளுக்குப் பின் மற்றவர் தலை தெரிந்தால் கட்டம் நெரிசலாகாது. அவர்கள் 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள் என்பது சங்கிலி.

காந்தி மதுரைக்காரர் அல்ல. ஆனால் அரையாடைக்கு மாறும் முடிவை 1921 செப்டம்பர் 22-இல் மேல மாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது எடுத்ததால் அவருக்கும் ஒரு கட்டம் உண்டு. நூற்றுக்கு தொண்ணூறு பேர் கூன் விழுந்த முதியவரையும் நடைக்கோலையும் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கோல் 1930 தண்டி நடைக்குரியது. மதுரையில் அவருக்கு வயது 51, நிமிர்ந்துதான் நின்றிருப்பார். உண்மைக் கதர்த் துணியிலேயே வெட்டுங்கள். கதர் சீக்கிரம் பிரியும், மடிக்க விடும் துணியை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மங்கம்மாள் கட்டம், அடி அடியாக

ஆறில் இதுதான் கடினம், இதை முதலில் தைத்தால் மற்றவை தானாக வரும். மதுரை நாயக்கர் அரசி மங்கம்மாள், பேரன் விஜயரங்க சொக்கநாதருக்காக 1689-இல் ஆட்சிப் பொறுப்பேற்றார். பேரன் அப்போது கைக்குழந்தை. கணவர் சொக்கநாத நாயக்கர் 1682-இலேயே இறந்துவிட்டார். எனவே மணப்பெண் அலங்காரத்தில் அவரைத் தைப்பது முதல் தவறு. இரண்டாவது தவறு, திருமலை நாயக்கர் மகாலைப் பின்னால் வைப்பது. மங்கம்மாள் காலத்தில் தலைநகர் திருச்சிராப்பள்ளி. மதுரையில் அவரோடு சேர்த்துச் சொல்லப்படுவது தமுக்கம் அரண்மனை. 1959 முதல் காந்தி அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம். மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டப விதானத்தில் அவர் உருவம் ஓவியமாக உண்டு.

1. பழுப்புக் காகிதத்தில் 10 இன்ச் உயரத்தில் உருவத்தை வரையுங்கள். தலை, உடல், சேலையின் பின்பகுதி, முன்சேலை, கை என ஐந்து துண்டு. தனித்தனியாக வெட்டுங்கள்.

2. தோல் நிறத்துக்கு வெள்ளைப் பருத்தியைத் தேயிலையில் தோயுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 4 தேக்கரண்டி தூள், நன்றாகக் கொதித்தபின் வடிகட்டி, 20 நிமிடம் ஊறவையுங்கள். நனைந்த துணி இருண்டு தெரியும், காய்ந்தால் ஒரு படி வெளுக்கும்.

3. காகிதத்தைத் துணியின் முன்பக்கம் வைத்துச் சாக்கட்டியால் வரைந்து, சுற்றிலும் கால் இன்ச் விட்டு வெட்டுங்கள். உள்வளைவான இடங்களில் (கழுத்து, முழங்கை மடிப்பு) கோட்டுக்கு ஒரு நூல் முன்வரை சின்னச் சின்னதாகக் கத்தரித்து விடுங்கள். கத்தரிக்காவிட்டால் மடியாது, கோட்டைத் தாண்டிக் கத்தரித்தால் அந்த இடம் பிய்ந்துவிடும். வெளிவளைவில் கத்தரிக்கவே வேண்டாம்.

4. கீழே இருப்பது முதலில்: சேலையின் பின்பகுதி, உடல், முன்சேலை, கை, தலை. ஒவ்வொன்றையும் குண்டூசி குத்தி, ஊசி முனையால் ஓரத்தை உள்ளே தள்ளித் தள்ளி, அரைக்கால் இன்ச் இடைவெளியில் ஹெம்மிங் போடுங்கள். ஒரே நேரத்தில் ஓர் இன்ச் நீளத்துக்குமேல் மடிக்காதீர்கள்.

5. சேலைக்கு இன்றைய மாதிரி ஊக்குக் குத்திய முந்தானை மடிப்பு வேண்டாம். புது மண்டபத்தில் திருமலை நாயக்கர் பக்கத்தில் நிற்கும் அரசியர் சிலைகளைப் பாருங்கள். இடுப்புத் துணியின் மடிப்பு கல்லில் எப்படி விழுகிறது என்று தெரியும்.

6. கையில் ஓலை. 1705-இல் பட்டுநூல்காரர்கள் (சௌராஷ்டிர நெசவாளர்கள்) ஆவணி அவிட்டச் சடங்கு செய்யும் உரிமை பற்றிய வழக்கில் அவர்களுக்குச் சாதகமாக மங்கம்மாள் அரசு ஓலை கொடுத்தது. சுங்குடி அவர்கள் கைத்தொழில் என்பதால் இந்தப் போர்வைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை. முக்கால் இன்ச் அகலம், 4 இன்ச் நீளத்தில் சந்தன நிறப் பட்டுத் துண்டு. சுற்றிலும் சங்கிலித் தையல், இரண்டு இழை நூலில்.

7. காலடியில் மரம் நட்ட சாலை. அவர் பெயரில் சாலைகளும், ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரமும் இன்றும் இருக்கின்றன. இதுவும் சங்கிலி.

8. இடது கைப் பக்கம் ஒரு வெற்றிலை. மறதியாக இடக்கையால் தாம்பூலம் எடுத்துவிட்டு, அதற்குக் கழுவாயாகத்தான் அறங்கள் செய்தார் என்பது ஊர்க்கதை. பச்சை நூல் மூன்று இழையில், தையல் கால் இன்ச், இடைவெளி கால் இன்ச். இதைவிடச் சிறிதாகப் போட்டால் ஆறடி தூரத்தில் முழுக்கோடு போலத் தெரிந்து, நம் விதியே குலைந்துவிடும்.

முடிந்ததும் குப்புறப் போட்டு, மெத்தென்ற துண்டின்மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். பிறகே 13 இன்ச்சாக வெட்டுங்கள், உருவம் நடுவில் இருக்கிறதா என்று அளந்து.

சேர்ப்பதும் அடுக்குவதும்

5 இன்ச் சதுரங்களை மூன்று மூன்றாகத் தைத்து, மூன்று வரிசையைச் சேர்த்தால் 13 இன்ச் கட்டம். இஸ்திரி போடும்போது முதல் வரிசையின் தையல் மடிப்பை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சாயுங்கள். மூலைகள் ஒன்றோடொன்று கச்சிதமாக உட்காரும். பிறகு நிற்கும் பட்டையும் கட்டமும் மாறி மாறி வைத்து நான்கு வரிசை, அவற்றுக்கு இடையேயும் மேலும் கீழும் நீளப் பட்டை. மேல்துணி 49 x 64 இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓரக்கரையை இழுத்துச் சரிக்கட்டாதீர்கள், அலையலையாக நெளியும். எந்த வரிசை தவறியதோ அதைப் பிரித்துத் தைப்பதே மேல். ஓரக்கரையில் 64 இன்ச் பட்டைகள் முதலில், மேலும் கீழும் பிறகு.

அடித்துணியைத் தரையில் குப்புற விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் பிடியுங்கள். விறைப்பாக இழுக்கக் கூடாது, சுருக்கமும் கூடாது. மேலே வேட்டி இரண்டு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 4 இன்ச் இடைவெளியில் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்வது நல்லது. வேர்க்கும்தான், ஆனால் வேட்டி பறக்காது.

நிரந்தர ஓட்டுத் தையலையும் நடுவிலிருந்தே தொடங்குங்கள். பருத்தி நூல், 9 எண் ஊசி, நடுவிரலுக்கு விரலுறை. இன்ச்சுக்கு 5 தையல் வந்தால் போதும். எண்ணிக்கையைவிடச் சமமாக வருவது முக்கியம். உருவத்துக்குக் கால் இன்ச் வெளியே ஒரு சுற்று, துண்டுக் கட்டத்தில் 2 இன்ச் இடைவெளியில் கோடுகள். உருவத்தின்மேல் கோடு ஓடக் கூடாது. ஒவ்வொரு முறையும் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். அடித்துணி சுருங்கித் தைபடுவது இந்த வேலையில் அதிகம் நடக்கும் கோளாறு, மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. தையல் போடப் போட அடித்துணி உள்ளே இழுபடும், அந்த 2 இன்ச் கூடுதல் அதற்குத்தான். மிஞ்சியதை வெட்டிவிட்டு விளிம்புப் பட்டையை மடித்துத் தையுங்கள். மாட்டுவதற்குப் பின்பக்க மேல்விளிம்பில் 4 இன்ச் அகலக் குழாய்போல் ஒரு துணி தைத்து, அதில் கம்பு செருகுங்கள். மூலையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டால் போர்வை நடுவில் தொய்ந்துவிடும்.

முன்னால் நின்று பேச

மங்கம்மாளாக நின்று பேச எட்டு நிமிடம் போதும். தாளில் 700 சொல்லுக்குமேல் போனால் வெட்டுங்கள். மூன்று காட்சி: பேரக் குழந்தையின் பெயரால் ஆட்சி, சாலையும் சத்திரமும், 1705 ஓலை.

உடைக்கு ஒன்பது கஜப் பருத்திச் சேலை. சாட்டின், ஒட்டுக்கல் கிரீடம் எல்லாம் நாடக செட்டு. போர்வையின் பருத்திக்கு முன் அது பளபளத்துக் கண்ணைக் குத்தும். தைக்க வேண்டியது இருந்தால், புது மண்டபத்தில் தலைமுறையாகக் கடை வைத்திருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கும் தையற்காரர்களிடம் போகலாம். அழகர் திருவிழா வேட உடைகள் தைத்துப் பழகிய கைகள் அவை.

பேச்சில் “யாரங்கே!” வேண்டாம். நாயக்கர் அரண்மனையில் தெலுங்கும் புழங்கியது; அவர் வாயில் சினிமா வசனத் தமிழை வைப்பதைவிட நிதானமான, மரியாதைத் தமிழ் பொருந்தும். “நாம்” என்று பேசுங்கள். ஓலையைப் படிப்பதுபோல் சொந்தமாக வாசகம் புனையாதீர்கள். தீர்ப்பின் சாரத்தை மட்டும் சொல்லுங்கள்.

வெற்றிலைக் கதை வரும்போதுதான் சிக்கல். மங்கம்மாளாக நின்று “நாம் இடக்கையால் எடுத்தோம்” என்று சொன்ன நொடியில் கதை வாக்குமூலம் ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் வேடத்திலிருந்து வெளியே வாருங்கள். தோளில் கிடந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகுங்கள், போர்வைப் பக்கம் திரும்புங்கள், உங்கள் சொந்தக் குரலில் “ஊரில் இப்படிச் சொல்வார்கள்” என்று தொடங்கி, இடைவெளித் தையலைக் காட்டுங்கள். முடிந்ததும் முந்தானையை மறுபடி தோளில் போட்டால் ராணி. முந்தானை மாறும்போது குரலும் மாற வேண்டும்; இரண்டில் ஒன்று மறந்தால் குழந்தைகள் குழம்பிவிடுவார்கள். கோயில் வளாகம், அருங்காட்சியக வளாகம் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். உலோக வாளை எங்கும் கொண்டுபோகாதீர்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் வேர்வையோடு போர்வையை மடித்துப் பையில் திணிக்க வேண்டாம். நிழலில் ஒரு நாள் காயவிட்டு, உருவப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் உருவங்கள் கசங்கி மடிப்பு விழும். பூச்சிக்கு வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து போடலாம். துவைப்பது ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்ந்த தண்ணீர், முறுக்கிப் பிழியாமல். ஈரமாக ஒரே கொடியில் தொங்கவிட்டால் பாரத்தில் தையல் இழுபடும். இரண்டு கொடியில் பரப்பிப் போடுங்கள்.